இலையுதிர்காலத்து வகுப்பறைச் செய்திகள்

இலங்கைச் சிறுவர் வழக்கமாகத் தை மாதத்தை ஒட்டியே புதிய வகுப்பிற் கால் வைப்பர். ஐரோப்பியச் சிறுவரோ நீண்ட கோடை விடுமுறை கழிந்து, மரங்கள் இலை சொரியத் தொடங்கும் பருவத்திலே புதிய வகுப்புக்குச் செல்வர். பிரான்சு தேசத்தில் இந்நாளிற் செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே பாடசாலைகள் திறக்கப்படுகின்றன. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஒக்டோபர் முதலாந் திகதியே அதற்குரிய நாளாயிருந்தது. ஆகவே, அந்நாட்டு ஆரம்பப் பாடசாலை மாணவனுக்கு இலையுதிர்காலம் என்பது வெறும் பருவத்தின் பெயரன்று. புதிய கொப்பி, புதிய வாங்கு, புதிய ஆசிரியர், இரண்டு மாதங்களாகக் காணாத தோழர்கள் ஆகிய யாவும் அச்சொல்லோடு சேர்ந்தே அவன் நினைவுக்கு வருவனவாகும்.

இப்பருவத்தை ஒட்டி ஆரம்ப வகுப்புகளில் நிகழும் வேலைகள் பல ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே தன்மையன. பிள்ளைகள் நிறம் மாறிய இலைகளைப் பொறுக்கி வந்து தாளில் ஒட்டுவர். உதிர்ந்த கொட்டைகளையும் விதைகளையும் வகைப்படுத்தி மேசைமேல் அடுக்குவர். பச்சை இலை மஞ்சளாவது ஏன் என்று ஒரு பிள்ளை வினவும். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்துபோக, அதன் கீழ் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகின்றது என்று ஆசிரியர் விளக்குவார். இவையெல்லாம் நல்ல வேலைகளே. ஆயினும், இவற்றின் முடிவில் ஆசிரியர் கரும்பலகையில் ‘இலையுதிர்காலம்’ என்று தலைப்பு எழுதி, பத்து வசனம் எழுதுமாறு பணிக்கும்போதுதான் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. இலைகள் உதிர்கின்றன, தகைவிலான் குருவிகள் தென்திசை நோக்கிப் பறந்து செல்கின்றன, காற்றுக் குளிர்கின்றது என்று வாசிப்புப் புத்தகத்திற் கண்டவற்றையே முப்பது பிள்ளைகளும் முப்பது கொப்பிகளில் எழுதி விடுவர். பிழையற்ற வசனங்களே அவை. எனினும், அவற்றுள் எந்தப் பிள்ளையின் இலையுதிர்காலமும் இல்லை.

அன்று விடியுமுன் தாயோடு தோட்டத்துக்குச் சென்று பூக்கொய்துவிட்டு, விரல்களிற் பூமணம் மாறாமலே வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளை அதனை எழுதுவதில்லை. தமையன் வேலை இழந்து வீட்டிலிருப்பதை எழுதுவதில்லை. அவை பாடசாலைக்கு உரியனவல்ல என்று ஆறு வயதிலேயே அப்பிள்ளை அறிந்து கொள்கின்றது. வாழ்க்கை ஒன்று, பாடம் வேறொன்று என்னும் இந்தப் பிரிவினை எவரும் வாய்விட்டுக் கற்பியாத பாடம். ஆயினும், எல்லாப் பிள்ளைகளும் தவறாது கற்றுக்கொள்ளும் பாடமும் அதுவே.

இப்பிரிவினையைக் களைய முயன்ற ஒருவரின் வரலாறு இங்கே எடுத்துக் கூறத்தக்கது. அவர் பெரிய கல்லூரியொன்றின் பேராசிரியரல்லர்; பிரான்சின் தென்கிழக்கிலுள்ள சிற்றூர் ஒன்றிற் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்த உதவியாசிரியர். செலஸ்தென் பிரெனே என்பது அவர் பெயர். 1896ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி, கார் என்னும் மலைக் கிராமத்திலே குடியானவர் குடும்பமொன்றிற் பிறந்தவர். நீஸ் நகரத்து ஆசிரிய கலாசாலையிற் பயின்று கொண்டிருந்த காலத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. இளைஞரான பிரெனேயும் போர்க்களம் சென்றார். 1917ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஷெமென் தே தாம் என்னும் போர்முனையிலே குண்டு பாய்ந்து அவருடைய நுரையீரல் பழுதுற்றது. உயிர் தப்பியபோதிலும், நெடுநேரம் உரத்துப் பேசும் ஆற்றல் அவரை விட்டு நீங்கிற்று.

ஆசிரியத் தொழிலுக்குக் குரலே மூலதனம் என்று கருதப்பட்ட காலம் அது. குரலற்ற ஆசிரியர் ஒருவர் 1920ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பார்-சூர்-லூ என்னும் ஊரின் ஆண் பிள்ளைகள் பாடசாலையிற் பணியேற்றார். இரண்டே வகுப்புகள் கொண்ட அப்பாடசாலையிலே சிறியோர் வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடிய அறையும் அதன் புழுதியும் அவருடைய மூச்சைத் திணறச் செய்தன. சிறிது நேரம் பேசினாற் களைத்துப் போவார். அவர் களைத்துப் போனால் வகுப்புக் கலைந்து போகும். இத்தொழிலை விட்டுவிடுவதா, அல்லது வேறு வகையாற் செய்வதா என்னும் வினா அவர் முன்னே எழுந்தது. பின்னாளில் உலகின் பல நாடுகளில் ஆசிரியர்கள் பின்பற்றிய ஒரு முறை பெரிய தத்துவ ஆராய்ச்சியிலிருந்து மாத்திரம் தோன்றவில்லை. மூச்சு முட்டிய ஒரு மனிதர் தம் தொழிலைக் கைவிட மனமின்றித் தேடிய வழியிலிருந்தும் தோன்றிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பார்-சூர்-லூ என்பது லூ ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கிய குன்றின்மேல் அமைந்த ஊர். வாசனைத் தைலத்துக்குப் பெயர் பெற்ற கிராஸ் நகரம் அதற்கு அண்மையிலுள்ளது. அப்பிரதேசத்தின் வயல்களில் அத்தைலத்துக்கென வளர்க்கப்பட்ட மல்லிகை, தமிழ் மக்கள் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் வழங்கும் அதே இனமாகும். கோடையின் பிற்பகுதி தொடங்கி ஒக்டோபர் மாதம் வரை, வெயில் ஏறுமுன் அப்பூக்களைக் கொய்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் நிறை பெறுவதற்கு ஏறக்குறைய 8,000 முதல் 10,000 பூக்கள் வேண்டும். செப்டெம்பரில் முந்திரிகைக் குலைகள் அறுக்கப்படும். மழை விழுந்ததும் காளான் முளைக்கும், நத்தைகள் வெளிப்படும். மலை மேய்ச்சல் நிலங்களில் கோடையைக் கழித்த செம்மறி மந்தைகள் கீழே இறங்கி வரும். நவெம்பரிலிருந்து ஒலிவக் காய்கள் பறிக்கப்படும். இவையே அவ்வூர்ப் பிள்ளைகளின் இலையுதிர்காலம். வாசிப்புப் புத்தகத்தின் இலையுதிர்காலமோ பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றினதாய் இருந்தது.

பிரெனே முதலிற் செய்தது மிக எளிய காரியம். பிற்பகல் வேளைகளிற் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். வயலோரத்தில் நடந்தனர், நெசவுகாரரின் தறியையும், தச்சரின் பட்டறையையும், கொல்லரின் உலையையும் நின்று பார்த்தனர். வெளிக்காற்று ஆசிரியரின் நெஞ்சுக்கு இதமாயிருந்தது. பிள்ளைகளோ தாமாகவே பேசினர், வினவினர், ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர். வகுப்புக்குத் திரும்பியதும், கண்டவற்றையும் பேசியவற்றையும் சில வசனங்களாகச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் அதனை ஆவலோடு வாசித்தனர். வாசிக்க மாட்டாதவன் என்று ஒதுக்கப்பட்ட பையனும், தான் சொன்ன சொல் பலகையிலிருக்கக் கண்டு அதனை இனங்கண்டு கொண்டான்.

அவ்வகுப்பின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக் கூறப்படும் நிகழ்ச்சி நத்தைப் பந்தயமாகும். ஒருநாள் பிள்ளைகள் நத்தைகளைக் கொண்டுவந்து வாங்கின்மேல் ஓடவிட்டனர். ஓடவிட்டனர் என்பதிலும் ஊரவிட்டனர் என்பதே பொருத்தம். புத்தகம் ஒருபுறம் கிடந்தது; கண்கள் யாவும் நத்தைகளின்மேலே இருந்தன. கண்டிப்பு மிகுந்த ஆசிரியராயின் நத்தைகள் சாளரத்துக்கு வெளியே சென்றிருக்கும். பிரெனே பந்தயத்தை முடிய விட்டு, அதனையே அன்றைய வாசிப்புப் பாடமாக்கினார்.

ஆயினும், கரும்பலகைக்கு ஒரு குறையுண்டு. மாலையில் அழிதுடைப்பான் வந்து யாவற்றையும் அழித்துவிடும். மறுநாள் காலையில் நேற்றைய பெருமகிழ்ச்சி வெறுஞ் சுண்ணக்கட்டித் தூளாய்க் கிடக்கும். வாசிப்புப் புத்தகத்தின் சொற்கள் அச்சிலே நிலைத்திருக்க, தங்கள் சொற்கள் மட்டும் அழிந்துபோவதைப் பிள்ளைகள் எவ்வாறு விளங்கிக் கொள்வர்? அச்சிலுள்ளது பெரியது, தாங்கள் கூறுவது சிறியது என்றே விளங்கிக் கொள்வர். இதனை உணர்ந்த பிரெனே, 1924ஆம் ஆண்டிலே கையால் இயக்கத்தக்க சிறிய அச்சியந்திரம் ஒன்றினை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்.

அதன்பின் அவ்வகுப்பின் காலைப்பொழுது ஒரு புதிய ஒழுங்கைப் பெற்றது. பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் கூறுவர்; எழுத வல்லவர் எழுதி வந்ததை வாசிப்பர். தலைப்பு எதுவும் ஆசிரியராற் கொடுக்கப்படுவதில்லை. எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாசிக்கப்பட்டவற்றுள் எது அச்சேறத் தக்கது என்பதை வகுப்பு முழுவதும் கைதூக்கித் தீர்மானிக்கும். தெரிவு செய்யப்பட்ட வசனங்களைப் பலகையில் எழுதி, எல்லோருமாகத் திருத்துவர். இந்தச் சொல் சரியா? அந்தக் காற்று எத்திசையிலிருந்து வீசிற்று? ஆடுகள் எத்தனை என்று எண்ணினாயா? எழுதியவனே அவற்றுக்கு விடை கூறுவான். கருத்து அவனுடையதாகவே இருக்கும். மொழி மாத்திரம் செம்மைப்படும். பின்னர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியாகப் பகிர்ந்துகொண்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிறிய சட்டங்களிற் கோப்பர். ஒருவர் மை உருளையைத் தடவ, ஒருவர் தாளை வைக்க, ஒருவர் யந்திரத்தை அழுத்த, பக்கம் வெளிவரும்.

இவ்வேலையின் பயனைச் சிந்திக்குமிடத்து, எழுத்துக் கூட்டல் என்னும் கடினமான பயிற்சி எவ்வளவு இயல்பாக நிறைவேறுகின்றது என்பது புலப்படும். பிரெஞ்சு மொழியிலே எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத எழுத்துகள் பல. செவியால் மாத்திரம் கற்கும் பிள்ளை அவற்றைத் தவற விட்டுவிடும். அச்சுக் கோக்கும் பிள்ளைக்கோ ஒலியாத எழுத்தும் விரலிலே தட்டுப்படுகின்றது. அச்செழுத்துகள் கண்ணாடியிற் கண்டாற்போல மறுபுறமாய் இருப்பன. ஆகையால் அவசரப்படுவார்க்கு அங்கே இடமில்லை. பிழை நேர்ந்தால் ஆசிரியரின் சிவப்பு மை அதனைச் சுட்டுவதன்று. முதற் பிரதியே சுட்டிவிடும். பிள்ளை தானாகவே அவ்வெழுத்தைப் பிடுங்கி மாற்றும். எழுத்துகளின் தொகையும் நேரமும் குறைவாயிருந்தமையால், சில வரிகளுக்கு மேற் கோப்பது இயலாது. எனவே, எதனைச் சொல்வது, எதனை விடுவது என்பதையும் பிள்ளைகள் கற்றனர்.

அச்சான பக்கங்களை ஒவ்வொரு பிள்ளையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தது. ‘வாழ்க்கைப் புத்தகம்’ என்பது அத்தொகுப்பின் பெயர். மற்றப் பிள்ளைகள் கடையிலே வாங்கிய வாசிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தைத் திறந்தபோது, இப்பிள்ளைகள் வெறும் அட்டையோடு தொடங்கி, ஆண்டு முடிவிலே தாங்களே எழுதி, தாங்களே அச்சிட்ட முழுப் புத்தகம் ஒன்றினைக் கையில் வைத்திருந்தனர்.

கணக்குப் பாடமும் இவ்வழியே வந்தது. பூக்கொய்யும் குடும்பத்துப் பிள்ளை கூறிய செய்தியிலே கணக்கு ஒளிந்திருக்கின்றது. காலையில் எத்தனை கிலோகிராம் கொய்தனர்? கிலோவுக்கு என்ன கூலி? அதற்கு எத்தனை ஆயிரம் தடவை விரல் வளைந்திருக்கும்? இதனை ‘உயிருள்ள கணக்கு’ என்று பிரெனே அழைத்தார். தொட்டியில் நீர் நிரம்பும் கணக்கை ஏன் செய்யவேண்டும் என்று வினவும் பிள்ளை, தன் தாயின் கூலியைக் கணக்கிடுவது ஏன் என்று வினவாது.

ஆயினும், ஒரு குறை இன்னும் இருந்தது. வகுப்பிலுள்ள யாவரும் அறிந்த ஒன்று செய்தியாகாது. மல்லிகை நன்கு தெரிந்த ஊரிலே மல்லிகையைப் பற்றி எழுதி யாருக்குக் காட்டுவது? அறியாதவர் ஒருவர் கேட்கும்போதே அறிந்தவனுக்குச் சொல்லும் ஆசை பிறக்கின்றது. 1920களின் நடுப்பகுதியில் அத்தகைய ஒருவர் அகப்பட்டார். பிரான்சின் மேற்குக் கோடியிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்த பிரெத்தாஞ் பிரதேசத்தில், திரேகுங் என்னும் கரையோர ஊரிற் கற்பித்துக் கொண்டிருந்த றெனே தானியேல் என்பவரும் தம் வகுப்பிலே அச்சியந்திரத்தை அமைத்தார். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரண்டு சிற்றூர்ப் பாடசாலைகள் தங்கள் அச்சுப் பக்கங்களைத் தபால் மூலம் தவறாது பரிமாறிக் கொள்ளத் தொடங்கின.

இப்போது இலையுதிர்காலம் இரண்டாயிற்று. தெற்கே பூவும் முந்திரிகையும் ஒலிவமும். மேற்கே புயலும் மீன்பிடி வள்ளமும் சாளை மீனும். கடலைக் காணாத பிள்ளைக்குக் கடலின் செய்தி கடல் காணும் பிள்ளையிடமிருந்தே வந்தது. புவியியற் புத்தகம் அதன் பின்னரே திறக்கப்பட்டது. திரேகுங் அமைந்த பகுதியிற் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டுமொழி பிரெத்தோன். பாடசாலையின் மொழி பிரெஞ்சு. வீட்டுமொழியைப் பாடசாலையிற் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்படுதல் அக்காலத்து அப்பிரதேசத்தின் வழக்கமாயிருந்தது. அத்தகைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழி முதன்முறையாக ஒரு தோழனுக்குக் கடிதம் எழுதும் கருவியாயிற்று. அந்நிய மொழி ஒன்றின்மீது அச்சம் நீங்குவதற்கு அம்மொழியிலே ஒரு நண்பன் கிடைத்தலைப்போன்ற உபாயம் வேறில்லை.

இரண்டு பாடசாலைகள் தொடங்கிய இம்முயற்சி மெல்லப் பரவிற்று. 1927ஆம் ஆண்டில், பாடசாலையிலே அச்சுவேலையைக் கைக்கொண்ட ஆசிரியர்களின் முதல் மாநாடு தூர் நகரிற் கூடிற்று. அதே ஆண்டிற் பல ஊர்ப் பிள்ளைகளின் எழுத்துகளைத் தாங்கிய ‘லா ஜேர்ப்’ என்னும் சஞ்சிகை தோன்றிற்று. கதிர்க்கட்டு என்பது அப்பெயரின் பொருள். அறுவடைப் பருவத்தை நினைவூட்டும் பெயர் அது. ஒவ்வொரு வயலிலும் முளைத்த கதிர் அங்கே ஒன்றாகக் கட்டப்பட்டது.

அச்சுப் பக்கத்தோடு, சுவர்ப் பத்திரிகை ஒன்றும் பிரெனே முறையிலே இடம்பெற்றது. வாரத்தின் தொடக்கத்திற் பெரிய தாள் ஒன்று சுவரில் ஒட்டப்படும். குறைகூறுதல், பாராட்டுதல், வேண்டுதல், செய்து முடித்தவை என்று அதிலே பிரிவுகள் இருக்கும். எவரும் எதையும் எழுதலாம், ஆனால், எழுதியவர் தம் பெயரை இடுதல் வேண்டும், எழுதியதை அழித்தலாகாது. வார முடிவில் வகுப்பு முழுவதும் கூடி ஒவ்வொன்றாக வாசித்து ஆராயும். ஆசிரியர்மீது குறையிருப்பினும் அதற்கு விதிவிலக்கில்லை. கோபத்திலே திங்கட்கிழமை எழுதியவன் வெள்ளிக்கிழமை வாசிக்கும்போது தானே நாணுவதுண்டு. பெயரிட்டுப் பேசுதல், பொறுத்திருந்து கேட்டல், மறுமொழி கூறுதல் என்னும் குடியுரிமைப் பண்புகள் இங்ஙனம் போதனையின்றிப் பழக்கத்தினாலே வளர்ந்தன.

இம்முறைக்கு எதிராகக் கூறத்தக்கன இல்லையா? உண்டு. ஒரு சிறு பந்தியைக் கோத்து அச்சிடுவதற்குச் செல்லும் நேரத்திற் புத்தகத்திலே பல பக்கங்களைக் கடந்து விடலாம். பாடத்திட்டம் ஒருபுறமும் பரீட்சை ஒருபுறமும் நெருக்கும் ஆசிரியருக்கு இது சிறிய நட்டமன்று. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த சிற்றுலகையே சுற்றிச் சுற்றி எழுதுவர் என்ற அச்சமும் நியாயமானதே. இதற்கு அவ்வகுப்பின் அனுபவமே விடையாகும். நத்தையில் தொடங்கிய பேச்சு நத்தையோடு நிற்கவில்லை. சமுத்திரத்தின் கரைவரை சென்றது. அண்மையிலுள்ளதை நன்கு சொல்லத் தெரிந்த பிள்ளையே தொலைவிலுள்ளதை நன்கு வினவவும் அறியும். எனினும், வழிநடத்தத் தெரிந்த ஆசிரியர் இல்லாவிடத்து இது வெறும் பொழுதுபோக்காய் முடிதலும் கூடும். அச்சியந்திரம் ஆசிரியரை வேண்டாததாக்குவதன்று. அவருடைய வேலையை மிகுவிப்பது.

இன்னும் பெரியதோர் இடர் இருந்தது. அது வகுப்பறைக்கு வெளியே இருந்தது. 1928ஆம் ஆண்டிற் பிரெனேயும், ஆசிரியையான அவர் மனைவி எலிஸும் சென் போல் என்னும் அயலூருக்கு மாற்றம் பெற்றுச் சென்றனர். அங்கே பாடசாலையின் நிலைமை மோசமாயிருந்தது. அதனைச் சீர்செய்யுமாறு பிரெனே வற்புறுத்தி வந்தார். அவர் பொதுவுடைமைக் கருத்தினர், தொழிற்சங்க ஈடுபாடுடையவர். ஊரிலே அவர்மீது பகைமை வளர்ந்தது. 1932ஆம் ஆண்டின் இறுதியில் ஊர்ச் சுவர்களில் அவரைத் தாக்கும் சுவரொட்டிகள் தோன்றின. அவற்றிலே எடுத்துக்காட்டப்பட்டது பெரியோர் எவருடைய எழுத்துமன்று. வகுப்பிலே அச்சான பிள்ளையொன்றின் கனவு. வகுப்புப் பிள்ளைகள் ஊர் மேயருக்கு எதிராக எழுச்சி கொண்டதாக ஒரு சிறுவன் கண்ட கனவு அது. பிள்ளையின் கனவு ஆசிரியரின் சதியென்று வாசிக்கப்பட்டது. பத்திரிகைகள் ஒருபாலும் மறுபாலும் நின்று வாதிட்டன. 1933ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் பாடசாலையின் முன்னே கூட்டம் திரண்டது. அவ்வாண்டிலேயே பிரெனே அவ்வூர்ப் பாடசாலையை விட்டு நீங்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சி பிள்ளைகளின் எழுத்தைப் போற்றும் யாவரும் நின்று சிந்திக்க வேண்டியதொன்று. வீட்டிலே, முற்றத்திலே, கனவிலே தோன்றிய சொல் அச்சேறிய கணத்திற் பொதுச் சொல்லாகி விடுகின்றது. அதனை அன்போடு வாசிப்போரும் உளர். ஆயுதமாக எடுப்போரும் உளர். ஆகையால், பிள்ளையின் வாயைத் திறந்துவிடும் ஆசிரியர் அப்பிள்ளையின் காவலராகவும் இருத்தல் வேண்டும். எதனை அச்சிடுவது, எதனை வகுப்பிற்குள் வைத்துக்கொள்வது, எதனைத் தம் நெஞ்சிற்குள் மாத்திரம் வைத்துக்கொள்வது என்னும் பகுத்தறிவு அவருக்கு இன்றியமையாதது. ஒரு தந்தையின் வறுமையும் ஒரு தாயின் கண்ணீரும் ஊரார் பார்வைக்கு உரியனவல்ல. அதேவேளை, இடர் வருமென்று அஞ்சிப் பிள்ளைகளை ‘இலைகள் உதிர்கின்றன’ என்ற வசனத்தோடு நிறுத்திவிடுதலும் முறையன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாதையே ஆசிரியர் நடக்க வேண்டிய பாதை.

பிரெனே அப்பாதையைக் கைவிடவில்லை. சென் போலுக்கு அயலிலுள்ள வான்ஸ் என்னும் ஊரின் குன்றொன்றிலே, தம் சொந்த முயற்சியாற் பாடசாலையொன்றைக் கட்டினார். 1935ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அது திறக்கப்பட்டது. எளியவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போரினால் அகதிகளான பிள்ளைகளும் அங்கே அடைக்கலம் பெற்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டிலே பிரெனே கைது செய்யப்பட்டுத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். போர் முடிந்தபின் பணி மீண்டும் தொடங்கிற்று. 1957ஆம் ஆண்டில் பல நாட்டு ஆசிரியர்களை இணைக்கும் சர்வதேச இயக்கமொன்று இம்முறையை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி பிரெனே வான்சிலே காலமானார். ஒருகாலத்தில் அவரை வெளியேறச் செய்த அரசாங்கக் கல்வித்துறை, அவர் கட்டிய பாடசாலையை 1991ஆம் ஆண்டிலே பொறுப்பேற்றுக் கொண்டது.

ஈய எழுத்துகளின் காலம் இன்று கழிந்துவிட்டது. ஒரு பக்கத்தை நொடிப்பொழுதில் நூறு பிரதிகளாக்கும் யந்திரங்கள் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பிள்ளையோடு கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசலாம். ஆனால், விரைவு ஒன்றினால் மட்டும் செய்தி உண்டாவதில்லை. அவ்வகுப்பின் வெற்றி யந்திரத்திலும் பார்க்க வேறு மூன்றிலே தங்கியிருந்தது. பிள்ளை கூறுவதைக் கேட்பதற்கு நாள்தோறும் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. கூறியதை எல்லோருமாகச் சேர்ந்து செம்மையாக்கும் பொறுமை அங்கே இருந்தது. செம்மையானதை உண்மையிலேயே வாசிக்க விரும்பிய ஒருவர் எங்கோ இருந்தார். இம்மூன்றையும் பெறுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும், ஓர் உறையும் ஒரு முத்திரையும் போதியன.

எந்த நாட்டிலும் எந்தப் பருவத்திலும் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. வரும் வழியிற் கண்டதும், இரவு வீட்டிற் கேட்டதும், சொல்லவேண்டுமென்று இருக்கின்ற ஏதோவொன்றும் அவர்களோடு வருகின்றன. இடாப்புக் கூப்பிட்டு, மௌனம் என்று கட்டளையிட்டு, புத்தகத்தைத் திறக்கச் சொல்லுமுன், அவை இறக்கி வைக்கப்படுவதற்குப் பத்து நிமிடம் இடமளித்தால் என்ன குறைந்துவிடும்? பார்-சூர்-லூவின் சிறியோர் வகுப்பிலே, பேச மூச்சற்றிருந்த ஓர் ஆசிரியர் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தார். அவர் வாய் ஓய்ந்த இடத்திலே பிள்ளைகளின் வாய் திறந்தது. கோடைவெயில் தணிந்த ஒரு காலையில் மல்லிகை கொய்து வந்த பிள்ளை அதனைச் சொல்லிற்று; சொன்னது அச்சாயிற்று; கடலோரத்து ஊரொன்றிலே அதனை வாசிப்பதற்கு ஒரு தோழன் காத்திருந்தான்.